பதினொரு விநாடி

வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
கராஜ் சாப்பாட்டறைக்குப் படிவம் வந்தது.
விரும்பினால் நிரப்பலாம் என்று
விருப்பமே இல்லாத எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

நாலு பெட்டி.
பெண்ணா. பூர்வகுடியா. உடலில் இயலாமை உண்டா.
நாலாவது:
கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையா.

பஞ்சலிங்கத்தார் பேனையைத் திறந்து
நாலாவதில் புள்ளடி போட்டார்.
மை காயமுன்னமே தொடங்கிவிட்டார்:
"உதெல்லாம் கோட்டா, பிள்ளை.
திறமைக்கு எங்கை மதிப்பு?
எழுபத்துமூண்டிலை எனக்கு மருத்துவம்
நாலு புள்ளியிலை போனது.
தமிழிலை சோதினை எழுதின குற்றம்."

நாலு புள்ளி.
இத்தனை வருடத்தில் அது மூன்றாகவும் இல்லை
ஐந்தாகவும் இல்லை.
டீசல் மணக்கும் விரல்களை
மடக்கி மடக்கிக் காட்டுவார்.
அந்த விரல்களைப் பார்த்து நான் சிரித்ததில்லை.
அது அநியாயம்தான்.

அதே ஊரில், அவர் இருந்து படித்த பள்ளிக்கூடத்தில்
வாங்குகள் இருக்க,
என் அம்மா தரையில் இருந்து
மூன்றாம் வகுப்பு முடித்தாள்.
நாலாம் வகுப்பில் வாங்கு கேட்டாள்.
அடுத்த கிழமை எங்கள் கொட்டில் எரிந்தது.
அம்மாவுக்கு நாலு புள்ளி போகவில்லை.
போவதற்கு ஒரு சோதனை இருக்கவில்லை.

இதை அவரிடம் நான் சொன்னதில்லை.
ஊர்ப் பெயரைச் சொன்ன அன்றைக்கே
"ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.
சொன்னேன்.
அன்றிலிருந்து என் ஃபிளாஸ்க் தேத்தண்ணி
அவருக்கு ஒத்துவராது. சீனி வருத்தமாம்.
டார்லீன் கொண்டுவரும் டோனட்
ஒத்துவரும்.

வெளியில் எங்கள் இருவருக்கும் ஒரே நிறம்.
நானும் நாலாவதுக்கு வந்தேன்.
பேனை கொஞ்சம் நின்றது.
எங்களுக்கு நடுவில் இருப்பது
இந்த ஊரில் யார் கண்ணுக்கும் தெரியாது.
அதற்குப் பெட்டி இல்லை.

டார்லீன் ஸ்பென்ஸ்,
வடக்கே ஆற்றோரக் கிரீ ஊர்க்காரி,
வேலைக்கு வந்த முதல் வாரம்
அவள் லாக்கரில் யாரோ ஒட்டினார்கள்:
'பெட்டியால் வந்தவள்.'
அவள் கிழிக்கவில்லை.
கீழே எழுதினாள்:
'ஓம். நீ யாரால்?'

கராஜ் சுவரில் பழைய குழுப்படங்கள் உண்டு.
தாத்தா, அப்பா, இரண்டு மகன்மார்,
ஒரே குடும்பப் பெயர், ஒரே நாடி.
அவர்களிடம் ஒருவரும்
படிவம் நீட்டவில்லை.

எனக்கு வாதாட வராது.
பஸ் ஓட்ட வரும்.
செல்கேர்க் நிறுத்தத்தில் ஒரு பெண்,
தள்ளுவண்டியில் பிள்ளை, கையில் இரண்டு பை,
ஓரத்தில் முழங்கால் உயரப் பனி.
பொத்தானை அமுக்குவேன்.
பஸ் பெருமூச்சு விட்டு
வலப்பக்கம் சரிந்து தாழும்.
பதினொரு விநாடி, எண்ணியிருக்கிறேன்.
உள்ளே யாரோ மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.
அவளிடம் டிக்கெட் இருக்கிறது.
அந்த உயரத்தை அவள் கட்டவில்லை.

போன பங்குனியில்
அதே நிறுத்தத்தில் பஞ்சலிங்கத்தார்.
ஓய்வு எடுத்து மூன்றாம் மாதம்,
முழங்காலில் ஆபரேஷன், கையில் புதுத் தடி.
இருபத்தாறு வருடம் ஓட்டிய பஸ்ஸின் படியை
முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

தாழ்த்தினேன்.
ஏறும்வரை வேறெங்கோ பார்த்தேன்.
கண்ணாடியில் பின்னால் ஒருவன்
மணிக்கூட்டைத் திருப்பினான்.

"உது எல்லாருக்கும் செய்வியோ?"
"தேவையெண்டால்."

முன்இருக்கையில் இருந்தார்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
என் ஃபிளாஸ்க், மூடியபடி.
மெயின் வீதிவரை
இரண்டு தரம் அதைப் பார்த்தார்.